ஆழமாக அடித்த எழுத்து

என் கைப்பையில் ஒரு காந்தம் இருக்கிறது. பழைய ஸ்பீக்கர் ஒன்றிலிருந்து கழற்றிய வட்டக் காந்தம். ஓரம் கொஞ்சம் உடைந்திருக்கும். கடையில் எவர்சில்வர் அண்டா எதைப் பார்த்தாலும் அதை எடுத்து ஒட்டிப் பார்க்காமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. ஆலங்காயம் கடைத்தெருவில் நான் வருவதைக் கண்டாலே பாத்திரக் கடைக்காரர், "வந்துட்டாங்கப்பா இன்ஸ்பெக்டரு" என்று முணுமுணுப்பது என் காதில் விழும். விழட்டும். உலோகத்தைத் தொட்டுப் பார்க்காமல் ஒரு வாரம் போனால் என் விரல்களுக்கு ஏதோ ஒன்று குறைகிறது. வேலையை விட்டபின் வந்த நோய் இது. மருந்து கிடையாது.

ஆம்பூருக்கு வெளியே, ரசாயனக் கலன்கள் செய்யும் ஒரு பட்டறையில் என் வாழ்க்கையின் பெரும்பகுதி போனது. தோல் பதனிடும் தொழிற்சாலைகளுக்கும், அவர்களுக்கு ரசாயனம் தயாரிப்பவர்களுக்கும் ஆளுயரத்துக்கு மேல் நிற்கும் கலன்கள் செய்து கொடுப்போம். அமிலம், குரோம் உப்பு, கொதிக்கும் உப்புநீர் என்று ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை ஊற்றுவார்கள். ஊற்றப்போவது எந்த உலோகத்தைத் தின்னும், எதை விட்டுவைக்கும் என்று கண்டுபிடித்துச் சொல்வதுதான் என் வேலை. "இன்னா போட்டா தாங்கும்?" என்ற ஒரே கேள்விக்குப் பதில் தேடியே என் தலை நரைத்தது.

போன மாதம் பவித்ரா போன் செய்தாள். இப்போது என் நாற்காலியில் இருப்பவள். கெட்டிக்காரி, படபடவென்று பேசுவாள்.

"மேடம், சும்மாதான் இருக்கீங்களா?"

"இல்ல, கப்பல் ஓட்டிக்கிட்டு இருக்கேன். சொல்லு."

"சுத்திகரிப்பு நெலையத்துல நம்ம பழைய எவாப்பரேட்டரை கழட்டப் போறாங்க மேடம். அது நல்லாத்தான் ஓடுது. ஆனா தண்ணி ஜாஸ்தியாயிடுச்சாம், அதே எடத்துல பெரிசா வேணுமாம். புதுசுக்கு அதே மெட்டல் போடலாமா, இல்ல இன்னும் ஒசத்தியா போகணுமான்னு கேக்குறாங்க. கம்ப்யூட்டர்ல போட்டுப் பார்த்தா ஒசத்தியாதான் போகச் சொல்லுது. நீங்க அப்போ எப்டி முடிவு பண்ணீங்க?" சற்று நிறுத்தி, "அப்புறம் மேடம், அதுக்குள்ள ஒரு தாயத்து தொங்குதாமே. யாரோடது?" என்று கேட்டாள்.

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. எப்படி முடிவு செய்தோம் என்பதை அப்போதே சொல்லிவிட்டேன். யாருடைய தாயத்து என்பதைச் சொல்ல எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

வேலூரில் வேதியியல் படித்துவிட்டுப் பட்டறையின் சோதனைக்கூடத்தில் சேர்ந்தபோது எனக்குத் தெரிந்ததெல்லாம் பாடப்புத்தகத்து எவர்சில்வர். அது துருப்பிடிக்காது என்று நம்பியிருந்தேன். சேர்ந்த வருடமே அந்த நம்பிக்கை போயிற்று. பளபளவென்று முடித்த கலன் ஒன்றில் கசிவு பார்க்க, பட்டறைக் கிணற்றுத் தண்ணீரை நிரப்பினார்கள். எங்கள் பக்கத்துக் கிணறுகளில் தண்ணீர் எப்படி இருக்கும் என்று ஆம்பூர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. டீ போட்டால் டீ உப்புக் கரிக்கும். சோதனை முடிந்ததும் வடிக்காமல் ரம்ஜான் விடுமுறைக்குப் போய்விட்டார்கள். திரும்பி வந்து திறந்தால் அடியில் முழுக்கப் பழுப்புப் புள்ளிகள். வேலைக்கே போகாத கலன் கல்யாணத்துக்கு முன்பே அம்மை போட்ட மாதிரி நின்றது.

எங்கள் ஒர்க்ஸ் மேனேஜர் வாஜித் சார் அன்று யாரையும் திட்டவில்லை. ஒரு சொம்பில் கிணற்றுத் தண்ணீரை மொண்டு, அதே சொம்பை எல்லோரிடமும் கொடுத்து ஒரு வாய் குடிக்கச் சொன்னார். முகத்தைச் சுளித்தவர்களைப் பார்த்து, "நம்மளாலயே குடிக்க முடியல. அது மட்டும் எப்டிப்பா குடிக்கும்?" என்றார். மறுநாளிலிருந்து சோதனைக்கு ஏலகிரி அடிவாரத்திலிருந்து லாரியில் நல்ல தண்ணீர் வந்தது.

அவர் மெலிந்த, உயரமான மனிதர். வெள்ளைச் சட்டைப் பையில் நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைக்கிற லென்ஸ் ஒன்று எப்போதும் இருக்கும். பாராட்டுவது என்பதே அவரிடம் கிடையாது. மிக நன்றாக இருந்தால் "பரவால்ல" என்பார். நான் அங்கே இருந்தவரை அந்த வார்த்தைக்காகத்தான் உழைத்தேன் என்று இப்போது தோன்றுகிறது. சம்பளமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

உலோகத்தைத் தேர்ந்தெடுக்க அவர் வைத்திருந்த வழி ஒன்றுதான். அட்டவணைகளை ஓரமாக வைத்துவிட்டு, ஊற்றப்போகும் அதே திரவத்தில் தீப்பெட்டி அளவு உலோகத் துண்டுகளைத் தொங்கவிட வேண்டும். தகட்டிலிருந்து வெட்டி, ஓரங்களை அரம் கொண்டு ராவி, துளையிட்டு, எண் குத்தி, ஸ்பிரிட்டில் துடைத்து, கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் தராசில் எடை போடுவேன். கையால் தொடக்கூடாது, இடுக்கிதான். "உங்க வெரல்லயே உப்பு இருக்கும்மா" என்பார் வாஜித் சார். பிறகு எதுவும் தின்னாத டெஃப்லான் கயிற்றில் கோத்துக் கட்டுவோம். சில வாரம் கழித்து எடுத்து, மெல்லிய பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, உலர்த்தி, மறுபடி எடை. குறைந்திருந்தால் தின்றிருக்கிறது. குறையாவிட்டாலும் நம்பிவிடக் கூடாது. துண்டின்மேல் ஒரு வாஷரை இறுக்கி வைத்திருப்போம். அதன் அடியில் பார்க்க வேண்டும். வெளியே பளபளப்பாகச் சிரித்துக்கொண்டு, வாஷருக்கு அடியில் ஓட்டை போட்டுக்கொண்டிருக்கும் உலோகங்கள் உண்டு. மனிதர்களும் உண்டு, அது வேறு கதை.

கயிற்றில் கட்டித் தொங்கவிடுவதால் வெல்டர்கள் அதற்குத் தாயத்து என்று பெயர் வைத்துவிட்டார்கள். வாஜித் சாருக்கு முதலில் பிடிக்கவில்லை. "அஞ்சு வேளை தொழறவன் நான். எங்கிட்ட வந்து தாயத்துங்கறீங்க" என்றார். கொஞ்ச நாளில் அவரே ஜன்னலில் எட்டிப் பார்த்து, "சரோஜாம்மா, தாயத்து கட்டியாச்சா?" என்று கேட்க ஆரம்பித்தார்.

இப்போது அந்தக் கலனுக்கு வருகிறேன்.

தோல் தொழிற்சாலைகள் விடும் கழிவுநீர் முழுவதும் பொதுவான ஒரு சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும். அங்கே வடிகட்டியதுபோக மிஞ்சும் உப்புநீரைக் கொதிக்கவைத்து ஆவியாக்கி, உப்பைத் தனியே எடுக்க வேண்டும். ஒரு சொட்டும் வெளியே போகக்கூடாது என்பது உத்தரவு. எவாப்பரேட்டர் என்கிற அந்த ஆவியாக்கும் கலன், வெளியூரில் யாரோ செய்துகொடுத்தது, ஓட்டை விழுந்து ஒழுகியது. ஒட்டுப் போடப் போட வேறு இடத்தில் ஒழுகியது. புதுக் கலன் வைக்கும்வரை அந்த நிலையத்தோடு சேர்ந்த தொழிற்சாலைகள் எல்லாம் மூடியிருக்க வேண்டும் என்று அதிகாரிகள் சொல்லிவிட்டார்கள்.

அந்தத் தொழிற்சாலைகளில் ஒன்றில்தான் என் கணவர் முனிரத்தினம் வேலை பார்த்தார். பெரிய மரப்பீப்பாய் மாதிரி சுற்றும் டிரம்களில் தோலைப் போட்டு எடுக்கிற வேலை. வீட்டில் வெறுமனே உட்கார்ந்து பழக்கமில்லாத மனுஷன். முதல் வாரம் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தார். இரண்டாவது வாரம் தெருவில் இருந்த எல்லோருடைய சைக்கிளையும் பழுது பார்த்தார். அதற்குப் பிறகு வாசலில் உட்கார்ந்து, நான் வேலைக்குப் போவதையும் வருவதையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுக் கலன் செய்யும் வேலை எங்கள் பட்டறைக்கு வந்தது. எந்த உலோகம் என்று சொல்லும் வேலை எனக்கு வந்தது. தெருவில் நடந்தால், "இன்னாக்கா, எப்போ தொறப்பாங்க?" என்று என்னைத்தான் கேட்டார்கள். சாவி என் இடுப்பில் தொங்குவது மாதிரி.

கடைகளில் உடனே கிடைக்கும் நல்ல எவர்சில்வர் தகட்டைப் போட்டால் மறுநாளே வேலையைத் தொடங்கலாம். நிலையத்திலிருந்து உப்புநீர் கொண்டுவந்து கண்ணாடிக் குடுவையில் கொதிக்கவைத்து, அந்தத் தகட்டின் தாயத்தையும் வேறு சிலவற்றையும் உள்ளே கட்டினேன். ஆவி வீணாகாமல் குளிர்ந்து மறுபடி உள்ளேயே சொட்டும்படி குழாய் வைத்து, வாரக்கணக்கில் கொதித்தது. எடுத்துப் பார்த்தால் எவர்சில்வர் புதுப்பெண் மாதிரி இருந்தது. வாஷர் அடியிலும் ஒன்றும் இல்லை. எனக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும் போல இருந்தது. நிலையத்துக் கமிட்டியின் செயலாளர் ரஹீம் பாய் பக்கத்திலேயே இருந்தார். "அல்ஹம்துலில்லாஹ்! நாளைக்கே தகடு எடுத்துடலாம்" என்றார்.

வாஜித் சார் லென்ஸைச் சட்டையில் துடைத்தபடி கேட்டார்: "பாய், இது எந்த மாசத்துத் தண்ணி?"

"மூடறதுக்கு முன்னாடி வந்த தண்ணி சார். தொட்டியில அப்டியே இருக்குது."

"பக்ரீத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான் சார்" என்றார் ரஹீம் பாய். அங்கே இருந்த எல்லோருக்கும் உடனே புரிந்தது, வெளியூர்க்காரர்களுக்கு மட்டும் நான் சொல்கிறேன். பக்ரீத் முடிந்ததும் வீடுவீடாக, பள்ளிவாசல் பள்ளிவாசலாகச் சேர்ந்த ஆட்டுத்தோல் லாரி லாரியாக எங்கள் ஊர்களுக்கு வரும். ஒரே நாளில் இவ்வளவு தோல் என்றால் கெட்டுவிடுமோ என்ற பயத்தில், ஒவ்வொருவரும் கைக்குக் கிடைத்த உப்பை வாரி வாரிக் கொட்டியிருப்பார்கள். அந்தத் தோலை ஊறவைத்த தண்ணீர் மற்ற மாதத் தண்ணீர் அல்ல. பழைய கலனைச் செய்தவர்கள் வெளியூர்க்காரர்கள். அவர்களுக்குக் கொடுத்தனுப்பிய மாதிரித் தண்ணீர் எந்த மாதத்துடையது என்று யாருமே நினைத்துப் பார்க்கவில்லை. நாள்காட்டியில் பக்ரீத்தைத் தேடாமல் ஊர்க்காரர்கள் நாங்களே கொடுத்தனுப்பியிருக்கிறோம், அதுதான் வேடிக்கை.

"அது வருஷத்துக்கு ஒரு தடவதானே சார்" என்றார் ரஹீம் பாய், குரல் இறங்கி.

"ஓட்டை விழறதுக்கு ஒரு தடவ போதும் பாய்."

அடுத்த பக்ரீத் வரை காத்திருக்க முடியாது. எனவே பக்ரீத் தண்ணீரை நாங்களே தயார் செய்யவேண்டும் என்று வாஜித் சார் முடிவெடுத்தார். கடை உப்பு வேண்டாம், தோலிலிருந்து உதறிய உப்பே வேண்டும் என்றார். அதில் கொழுப்பும் மயிரும் இன்னும் என்னென்னவோ கலந்திருக்கும். அதை எங்கே எடுப்பது என்று முனிரத்தினத்துக்குத் தெரியும். மூடிக்கிடந்த தொழிற்சாலையின் காவலாளி அவருக்குப் பழக்கம், கொட்டகையைத் திறந்துவிட்டார். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் முனிரத்தினம் முகத்தில் சிரிப்பைப் பார்த்தேன். பழுப்பு நிற உப்பை மண்வெட்டியால் வாரிச் சாக்கில் போட்டு, தானே தோளில் சுமந்து வந்தார்.

"இத்த வெச்சி இன்னா பண்ணப் போற?"

"உங்க வேலை சீக்கிரம் ஆவறதுக்குத்தாங்க."

"அப்டின்னா இன்னொரு மூட்ட வேணுமா?"

அந்த உப்பைக் கரைத்துக் கொதிக்கவைத்த குடுவையில் புதிய தாயத்துகளைக் கட்டினேன். மறுபடி வாரங்கள். எடுத்த அன்று வாஜித் சார் என் பக்கத்தில் நின்றார். எடை பெரிதாகக் குறையவில்லை. வெளியே பளபளப்பு அப்படியே இருந்தது. வாஷரைக் கழற்றினேன். அவர் லென்ஸை என் கையில் கொடுத்துவிட்டு, "நீங்க பார்த்துச் சொல்லுங்க" என்று ஒதுங்கினார்.

வாஷர் உட்கார்ந்திருந்த வட்டத்தில் ஊசி குத்திய மாதிரி ஒரு கறுப்புப் புள்ளி. பக்கத்தில் இன்னொன்று. ஊசியை நுழைத்துப் பார்த்தேன், உள்ளே இறங்கியது. அதே குடுவையில் கிடந்த டூப்ளெக்ஸ் என்கிற எஃகின் வாஷரைக் கழற்றினேன். ஒன்றுமே இல்லை. ஆனால் அந்தத் தகடு எங்கள் பக்கம் எங்கும் கிடையாது. வெளியூரில் சொல்லி வைத்து, அவர்கள் செய்து அனுப்பும்வரை மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும்.

"உங்க வூட்ல நெலம இன்னான்னு எனக்குத் தெரியும்" என்றார் வாஜித் சார். "இந்த எவர்சில்வர் வேணாம்னு ரிப்போர்ட்ல நான் கையெழுத்துப் போட்டுக்கறேன். உங்க பேரு வேணாம்."

"பார்த்தது நான்தானே சார். நானே போடுறேன்."

அவர் பேனாவைத் திறந்து நீட்டினார்.

வீட்டில் முனிரத்தினம் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சொன்னேன். கையில் இருந்த சோற்றை அப்படியே தட்டில் வைத்தார்.

"அந்த நல்லா இருக்கிற தகட்டைப் போட்டா இப்போ தொறந்துடுவாங்க இல்ல?"

"தொறப்பாங்க. அடுத்த பக்ரீத் முடிஞ்சி மறுபடியும் ஒழுகும். மறுபடியும் மூடுவாங்க."

"அது அப்போ. இப்போ இன்னா பண்றது?"

அவர் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "நானே சொமந்துட்டு வந்து குடுத்தேன் பாரு அந்த உப்ப" என்றார். கதவருகே நின்று, "உன் தாயத்துக்கு சோறு போடு, போ" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருக்கலாம்.

அந்த வாரமே ஏலகிரிக்குப் போய்விட்டார். மலைமேல் புதிதாகக் கட்டிய ஒரு விடுதிக்குக் கலவை சுமக்கிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் வருவார். துணி மூட்டையைப் போடுவார், தூங்குவார், போவார். சில ஞாயிறு வரவில்லை. பட்டறை மொட்டைமாடியில் ஏறினால் தூரத்தில் அந்த மலை தெரியும். சாப்பாட்டு நேரத்தில் நான் அங்கே போய் நிற்பேன். அவர் எந்த மேட்டில் சுமக்கிறாரோ என்று பார்த்துக்கொண்டே டப்பாவைத் திறக்காமல் திரும்பி வந்த நாட்கள் உண்டு. என் கையெழுத்து சரி என்று எனக்குத் தெரியும். சரியாக இருப்பது இவ்வளவு தனியாக இருக்கும் என்று தெரியாது.

ஒருவழியாகத் தகடு வந்தது. கமிட்டிக்காரர்கள் பார்க்க வந்தார்கள். ரஹீம் பாய் ஜிப்பா பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துத் தகட்டில் வைத்தார். டப்பென்று ஒட்டிக்கொண்டது. நம் ஊரில் நல்ல எவர்சில்வர் காந்தத்தில் ஒட்டாது என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும்.

"இன்னா சார் இது, இரும்பு! இத்தன நாள் காக்க வெச்சி இரும்பக் குடுத்துட்டாங்களே!" என்று கத்தினார். ஆளாளுக்குக் காந்தத்தை வாங்கி ஒட்டிப் பார்த்தார்கள். ஒருவர் தகட்டை முகர்ந்துகூடப் பார்த்தார். பேஜாராகிவிட்டது.

வாஜித் சார் எல்லோருக்கும் டீ சொன்னார். டீ வந்து, எல்லோரும் குடித்து முடிக்கும்வரை காத்திருந்தார். பிறகு என்னிடம் கையை நீட்டினார். இரண்டு தாயத்துகளையும் வைத்தேன். முதலில் காந்தம் ஒட்டாததைக் காட்டினார். அப்புறம் லென்ஸைக் கொடுத்து அதன் வாஷர் வட்டத்தைப் பார்க்கச் சொன்னார். அடுத்ததில் காந்தம் ஒட்டியது. லென்ஸில் ஒன்றும் இல்லை.

"இந்த எஃகுல பாதி காந்தத்துக்குப் புடிச்ச ஜாதி, பாதி புடிக்காத ஜாதி. ரெண்டும் ஒண்ணா இருக்கறதாலதான் உப்பத் தாங்குது" என்றார். "காந்தத்துக்கு உப்பப் பத்தி இன்னா தெரியும் பாய்?"

ரஹீம் பாய் சிரித்துவிட்டார். போகும்போது காந்தத்தை மேஜையிலேயே மறந்துவிட்டுப் போனார். அதுதான் இப்போது என் பையில் இருப்பது.

கலன் எழும்பியது. அதை நிமிர்த்தி நிறுத்திய அன்று முனிரத்தினம் மலையிலிருந்து நேராகப் பட்டறைக்கு வந்தார். ஊரே பார்க்க வந்திருந்தது, அவரும் வந்தார். சுவரோரமாக நின்றார். உடம்பு கறுத்து, தோள்பட்டை இறங்கியிருந்தது.

கலனுக்குள் எப்போதும் சில தாயத்துகளை விட்டுவைப்போம். வருடா வருடம் திறக்கும்போது ஒன்றை எடுத்துப் பார்ப்பதற்கு. கடைசியாக ஒன்றை மட்டும், கலன் வாழும்வரை எடுக்கக்கூடாது என்று வாஜித் சார் தனியே வைத்திருந்தார். அதில் இன்னும் எண் குத்தவில்லை. சுவரோரம் நின்றவரைக் கூப்பிட்டார்.

"முனிரத்தினம், இங்க வாங்க. எங்கள விட நீங்கதான் ஜாஸ்தி காத்திருந்தீங்க. இதுல உங்க எழுத்த அடிங்க."

எம் என்ற எழுத்து அச்சையும் சுத்தியலையும் கொடுத்தார். முனிரத்தினம் என்னைப் பார்க்கவில்லை. அச்சை வைத்தார். ஓங்கி அடித்தார். பட்டறை முழுக்கக் கேட்டது. நாங்கள் லேசாகத் தட்டுவோம். அவர் அடித்த அடியில் எழுத்து கோணலாக, அடிவரை இறங்கிவிட்டது. துண்டே கொஞ்சம் வளைந்துவிட்டது. அத்தனை மாதத்துக் கலவையும் மலையேற்றமும் என்மேல் இருந்த கோபமும் அந்த ஒரு அடியில் இருந்தன என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியும்.

வாஜித் சார் அதை லென்ஸில் பார்த்தார். ஆழமாக அடிபட்ட இடத்தில்தான் உலோகம் உள்ளுக்குள் இழுபட்டு நிற்கும். விரிசல் விடுவதாக இருந்தால் அங்கேதான் தொடங்கும். வேறு துண்டு எடுப்பார் என்று நினைத்தேன்.

"நல்லதா போச்சு" என்றார். "இவ்ளோ கோவத்த எத்தன வருஷம் தாங்குதுன்னு பார்க்கலாம்."

கொதிநீரின் விளிம்பு வந்து நிற்கப்போகும் மட்டத்தில், எல்லாவற்றிலும் மோசமான இடத்தில், அதைக் கட்டித் தொங்கவிட்டார்.

தொழிற்சாலைகள் திறந்தன. முனிரத்தினம் டிரம்முக்குத் திரும்பினார். பக்ரீத் வந்தது, போனது; கலன் ஒழுகவில்லை. அடுத்த பக்ரீத்திலும் ஒழுகவில்லை. நாங்களும் நன்றாகத்தான் வாழ்ந்தோம். மகளைப் படிக்கவைத்தோம், ஆலங்காயத்தில் வீடு கட்டினோம், சண்டை போட்டோம், சிரித்தோம். ஆனால் அந்த மாதங்களைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. பஸ்ஸில் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டும்போது, "பாரு, உன் தொட்டி பொகையுது" என்பார். எல்லாவற்றையும் நம்ம வீடு, நம்ம மாடு என்று சொல்லும் மனுஷன். நம்ம தொட்டி என்று ஒரு தடவை சொல்லமாட்டாரா என்று ஒவ்வொரு தடவையும் காத்திருப்பேன். நான் ஓய்வு பெற்ற வருடம் நெஞ்சுவலி வந்து போய்விட்டார். அந்த ஒரு வார்த்தைக்கு மனம் இன்னும் ஏங்குகிறது. போனவர் திரும்பி வந்து சொல்லப்போவதில்லை என்று தெரிந்த பிறகும் ஏங்குகிறது, அதற்கு வெட்கமே கிடையாது.

பவித்ரா சொன்ன நாளில் பட்டறைக்குப் போனேன். நிலையத்தில் கலனைத் திறந்து தாயத்தை எடுத்து அனுப்பியிருந்தார்கள். கல் மாதிரி உப்பு மூடிக் கிடந்தது. வெந்நீரில் ஊறப்போட்டு, பிரஷ்ஷால் நான்தான் தேய்த்தேன். இடுக்கியெல்லாம் எடுக்கவில்லை, வெறும் விரல்தான். கோணல் எழுத்து மெல்ல மெல்ல வந்தது. பைக்குள் போட்டுக்கொண்டு ஓடிவிடலாமா என்று இருந்தது.

பவித்ரா தயங்கித் தயங்கி நின்றாள். "மேடம், மேல பார்த்தா ஒண்ணும் தெரியாது. உள்ள விரிசல் இருக்குதான்னு பார்க்கணும்னா அந்த எழுத்து மேலயே வெட்டணும். இல்லன்னா அதே மெட்டல்னு என்னால சொல்ல முடியாது. வேற எதுக்காவது போனா அது வர்ற வரைக்கும் ஃபேக்டரியெல்லாம் மூடி..." என்று நிறுத்திவிட்டாள். எங்கள் வீட்டுக் கதை அவளுக்குத் தெரிந்திருந்தது, யாரோ சொல்லியிருக்கிறார்கள். "வேணாம்னா வுட்டுடலாம் மேடம். நீங்க எடுத்துட்டுப் போங்க."

அவர் கை பட்டது என்று என்னிடம் இருப்பது மிகக் குறைவு. சட்டைகளைத் தானம் கொடுத்துவிட்டோம். அதைக் கையில் திருப்பி, கோணல் எழுத்தை விரலால் தடவினேன். காத்திருப்பது என்றால் என்ன என்று அந்த எழுத்துக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்குத் தெரியும்.

"வெட்டு" என்றேன். "நடுவுல நேரா வெட்டு. சூடு ஏறாம தண்ணி வுட்டு வெட்டு."

வெட்டி, மெருகேற்றி, அமிலம் தொட்டு, மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவள்தான் முதலில் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு, "நீங்க பார்த்துச் சொல்லுங்க மேடம்" என்றாள்.

இருட்டும் வெளிச்சமுமாக இரண்டு வகை உலோக மணிகள் கலந்து கிடந்தன. எழுத்தின் பள்ளம் செங்குத்தாக இறங்கியது. அந்த இடத்தில் மணிகள் நசுங்கி, கீழ்நோக்கி வளைந்திருந்தன. அவ்வளவு பலமான அடி. பள்ளத்தின் அடியிலிருந்து தேடினேன். இடப்பக்கம், வலப்பக்கம், இன்னும் பெரிதாக்கிப் பார்த்தேன். இத்தனை பக்ரீத், இத்தனை உப்பு, இத்தனை கொதிப்பு. அந்தக் கோபத்திலிருந்து ஒரு விரிசல்கூடக் கிளம்பவில்லை. ஒரு மயிரிழைகூட இல்லை.

கண்ணாடி மங்கிவிட்டது. அழுதேன், மறைக்கவில்லை. பவித்ரா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அதே மெட்டல் போடு" என்றேன்.

அங்கிருந்தே வாஜித் சாருக்குப் போன் செய்தேன். இப்போது வேலூரில் மகள் வீட்டில் இருக்கிறார். காது மந்தம், எல்லாவற்றையும் கத்திச் சொல்லவேண்டும். முனிரத்தினம் அடித்த துண்டை வெட்டிப் பார்த்தோம், ஒன்றும் இல்லை என்று கத்தினேன்.

"பரவால்ல" என்றார்.

ஒரு பாதி பட்டறையில் இருக்கிறது. மறுபாதியைப் பவித்ரா எனக்குக் கொடுத்தாள்.

திரும்பும்போது பஸ்ஸில் டிக்கெட் எடுக்கப் பைக்குள் கையை விட்டால் சில்லறை வரவில்லை. வெளியே எடுத்துப் பார்த்தேன். காந்தமும், அதில் ஒட்டிய நாணயங்களும், பாதித் தாயத்தும் ஒரே கட்டியாகப் பிடித்துக்கொண்டிருந்தன. பிரிக்கப் பார்த்தேன், நகம் நுழையவில்லை.

"இன்னாம்மா இது?" என்றார் கண்டக்டர்.

"எங்க வூட்டுக்காரரு எழுத்துப்பா."

அவர் குனிந்து பார்த்தார். பாதி எழுத்தில் என்ன தெரியும்? சரி என்று தலையாட்டிவிட்டு ஏதோ கேட்டார்.

பஸ் சுத்திகரிப்பு நிலையத்தைத் தாண்டிக்கொண்டிருந்தது. ஜன்னல் வழியே பார்த்தேன். கழற்றிய கலனைக் கிரேன் கொக்கியில் மாட்டித் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

"நம்ம தொட்டி" என்றேன்.

"எங்க எறங்கணும்னு கேட்டேம்மா."

"ஆலங்காயம்" என்றேன்.